இரண்டு பக்கமும் அடைத்த குழாய்

ஐஸ் பிளாண்டில் காலம் தள்ளியவன் என்று சொன்னால் என்னைத் தைரியசாலி என்று பலரும் நினைத்துவிடுகிறார்கள். அப்படி ஒன்றும் இல்லை. நான் பயந்தாங்கொள்ளி. இடி இடித்தால் இன்றைக்கும் ஃபேன் சுவிட்சைத் தொட மாட்டேன். பயந்து பயந்து வேலை பார்த்ததால்தான் இரண்டு கண்ணும் நெஞ்சும் கேடில்லாமல் ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன். குளிர்சாதன வேலைக்குப் போகிற இளைஞர்களுக்காக இதை எழுதுகிறேன். தைரியசாலிகள் படிக்க வேண்டாம். படித்தாலும் அவர்களுக்கு ஏறாது.

முதல் நாள் ஓட்டம்

எங்கள் பிளாண்ட் காரோடு என்ற ஊரில், கடலுக்குப் போகிற ரோட்டோரம் இருந்தது. வள்ளக்காரர்களுக்கும் மீன் லாரிகளுக்கும் ஐஸ் கட்டி கொடுப்பதுதான் வேலை. கேரளத்தின் கடைசிப் பகுதி அது. கூப்பிட்டால் கேட்கிற தூரத்தில் தமிழ்நாடு.

நான் சேர்ந்த அன்று கம்ப்ரசரில் சின்னதாக ஒரு லீக். அமோனியா என்றால் என்ன என்று எனக்குத் தெரியாது. மூக்கில் ஏறியதும் கண் எரிந்து, தொண்டை அடைத்து, செத்தேன் என்று நினைத்து வெளியே பாய்ந்தேன். பாய்ந்தவன் நிற்கவில்லை. மூச்சு திரும்பி வந்து நிமிர்ந்து பார்த்தபோது தமிழ்நாட்டுக் கடை ஒன்றின் முன்னால் நிற்கிறேன். திரும்பி வந்ததும் ஃபோர்மேன் சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது.

"எலே ஞானதாஸ், வேலைக்கு வந்த மொத நாளே ஸ்டேட்ட விட்டு ஓடுதியா?"

ஓடினதில் தப்பே இல்லை என்பதுதான் அன்றும் இன்றும் என் கட்சி. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பாராமல் ஓடினேன் பாருங்கள், அதுதான் தப்பு. அதற்குப் பிறகு எங்கே போனாலும் முதலில் காற்றைப் பார்க்கிற பழக்கம் வந்தது.

வேலை இவ்வளவுதான்

அமோனியா டாங்கில் திரவமாக இருப்பது அதன் விருப்பத்தால் அல்ல. நாம் அழுத்தி வைத்திருக்கிறோம், அதனால் அடங்கி இருக்கிறது. கொஞ்சம் இடம் கொடுத்தால் உடனே ஆவியாகப் புறப்படும். புறப்படும்போது சும்மா போகாது, பக்கத்தில் இருக்கிற சூட்டையெல்லாம் வாரி எடுத்துக்கொண்டு போகும். சூடு போன தண்ணீர் கேனுக்குள் கட்டியாக உறையும். போன ஆவியைக் கம்ப்ரசர் இழுத்து அழுத்தும், கண்டென்சர் குளிர்விக்கும், மறுபடியும் திரவம். பொடியன்கள் ஸ்கூலில் திண்மம், திரவம், வாயு என்று எழுதி மார்க் வாங்குகிறார்கள். நாங்கள் அதையே செய்து சம்பளம் வாங்கினோம்.

இதில் ஒன்றை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அமோனியாவுக்கு இடம் வேண்டும். மற்றதெல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

பிளாண்டின் ஒரு மூலையில் அமோனியா டாங்க். எதிர் மூலையில் மீன் வைக்கிற கோல்டு ரூம். டாங்கில் இருந்து கோல்டு ரூமுக்கு ஒரு குழாய், கிழக்கு மதிலின் மேல் நீளமாகப் போகும். டாங்க் பக்கம் ஒரு வால்வு, கோல்டு ரூம் பக்கம் ஒரு வால்வு. அந்தக் குழாய்க்கு மேலே பொதிந்திருந்த தெர்மோகோல் உப்புக்காற்றில் இற்று விழுந்து, மாற்றாமல் கிடந்தது. அதனால் ஓடுகிற நாளில் குழாய் முழுக்க வெள்ளையாகப் பனி பிடித்திருக்கும். மதிலுக்கு அந்தப் பக்கம் சபைக் கோயிலின், அதாவது சர்ச்சின், வளாகம்.

பிளாண்டை நிறுத்தும்போது கோல்டு ரூம் பக்கத்து வால்வை மட்டும் அடைப்போம். டாங்க் பக்கம் திறந்தே கிடக்கும். குழாயில் மிச்சம் இருக்கிற திரவம் வெயில் ஏற ஏற கொதித்து டாங்குக்கே திரும்பிப் போய்விடும். குழாய் காலியாகும், பனி உருகி ஒழுகும், கொஞ்ச நேரத்தில் கறுத்த இரும்பு தெரியும். பனி போய்விட்டால் நிம்மதியாக வீட்டுக்குப் போகலாம்.

விஜயன்

எனக்கு அடுத்த ஷிப்ட் ஆபரேட்டர் விஜயன். ஆரியங்கோட்டுக்காரன், ரப்பர் வெட்டிக் கொண்டிருந்த குடும்பம். ரப்பர் பால் உறைந்துவிடாமல் இருக்கக் கேனில் கொஞ்சம் அமோனியா ஊற்றுவார்கள். அந்த வாடையில் வளர்ந்தவன் என்பதால் முதல் நாள் அவன் ஓடவில்லை. "இது எங்க வீட்டு மணமாக்கும் அண்ணே" என்று சொல்லி மூக்கை உறிஞ்சிக் காட்டினான். எனக்கு எரிச்சலாக வந்தது. கேனில் ஊற்றுவது தண்ணீர் கலந்த பூனைக்குட்டி, இங்கே டாங்கில் இருப்பது அதன் புலி அம்மா என்று சொல்லிப் பார்த்தேன். சிரித்தான்.

ஆனால் அவனைக் கவனக்குறைவானவன் என்று யாரும் சொல்ல முடியாது. வேலையில் சுத்தம். பூட்டிய பூட்டை இரண்டு தரம் இழுத்துப் பார்ப்பான். நிறுத்திய மோட்டாரைத் திரும்ப வந்து தொட்டுப் பார்ப்பான்.

எங்கள் பக்கத்தில் இன்னொரு வழக்கமும் உண்டு. பிளாண்டில் ஆள் இல்லாத நாளில் வால்வுகளைத் திருகுகிற வீலைக் கழற்றி உள்ளே வைத்துப் பூட்டிவிட்டுப் போவோம். பழைய இரும்பு எடுக்கிற கள்ளன்கள் தொந்தரவு. இங்கே எடுத்ததை எல்லைக்கு அந்தப் பக்கம் விற்றுவிடுவான்கள். இந்தப் போலீஸில் சொன்னால் அங்கே போ என்பார்கள், அந்தப் போலீஸில் சொன்னால் இங்கே வா என்பார்கள். வீலைக் கழற்றி வைப்பதே லேசான வழி.

அசனத்து அன்று

பக்கத்துச் சபையில் வருஷத்துக்கு ஒருமுறை அசனம் நடக்கும். ஆராதனை முடிந்ததும் ஊரே ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடுகிற விருந்து அது. சபைக்காரன், அம்பலத்துக்குப் போகிறவன் என்ற பேதம் கிடையாது. அன்று பிளாண்டுக்கு லீவ். காலையில் விஜயன் நிறுத்திவிட்டு நேராகப் பந்தலுக்கு வந்து, வேட்டியை மடித்துக் கட்டி, சாம்பார் வாளியைத் தூக்கிவிட்டான். கறி விளம்புவதில், அதாவது பரிமாறுவதில், அவனுக்கு இணை இல்லை என்று சபைப் பெண்களே ஒப்புக்கொள்வார்கள்.

அந்த வருஷம் ஆள் கூடுதல். பந்தலை எங்கள் மதில் வரைக்கும் இழுத்துக் கட்டியிருந்தார்கள். மதிலோரம் பிள்ளைகளின் வரிசை. நான் நடு வரிசையில் இலை போட்டு உட்கார்ந்தேன். ஜெபம் முடிந்து சோறு வந்தது. பருப்பு வந்தது. நல்ல பசி.

அப்போதுதான் செலின் வந்தாள். சமையல் கூட்டத்தில் இருந்தவள், எனக்கு ஒருவகையில் தங்கை முறை. சோற்றுப் பானையின் மூடியைத் திறந்தபோது ஆவி அடித்து உள்ளங்கை சிவந்திருந்தது. கையை என் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

"அண்ணே, ஒங்க பைப்பு கொள்ளாமாக்கும், நல்லாயிருக்கு. ஆவியில கை வெந்து போச்சு. அதில கொண்டு வச்சேன், எரிச்சல் அப்பிடியே நின்னுது."

"எந்தப் பைப்பு?"

"மதிலுக்க மேல போறதுதான். வெள்ள வெள்ளேன்னு பனி இருக்கே."

நான் பருப்புச் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். கை அப்படியே நின்றுபோனது. காலையில் நிறுத்திய பிளாண்ட். உச்சி வெயில். அந்தக் குழாயில் இந்நேரம் பனி இருக்கக் கூடாது.

எழுந்து போய்ப் பார்த்தேன். குழாய் நெடுக வெள்ளை. ஓரிடத்தில் செலினின் உள்ளங்கை, ஐந்து விரலும் தெரிய, பனியில் பதிந்திருந்தது. ஓடுகிற குழாயில் இப்படிக் கை வைத்து எடுத்தால் கொஞ்ச நேரத்தில் அந்த இடத்தில் மறுபடியும் பனி பூத்து மூடிவிடும். இங்கே மூடவில்லை. விரல்களின் நுனியில் இருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. குழாய் காலியும் இல்லை, ஓடவும் இல்லை. உள்ளே திரவம் அசையாமல் கிடந்து சூடாகிக்கொண்டிருக்கிறது.

விஜயன் வாளியோடு வந்துகொண்டிருந்தான். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"மக்கா, டாங்க் பக்கத்து வால்வு?"

"அடச்சாச்சு அண்ணே. ரெண்டு பக்கமும் முறுக்கி அடச்சு வீலையும் கழத்தியாச்சு. நிங்க பேடிக்காம உண்ணுங்க."

கொரோனா காலத்தில் கேரளத்துச் செக்போஸ்ட்டையும் தமிழ்நாட்டுச் செக்போஸ்ட்டையும் ஒன்றாக அடைத்தபோது நடுவில் மாட்டிய லாரிக்காரர்களை நான் பார்த்திருக்கிறேன். முன்னாலும் போக முடியாது, பின்னாலும் போக முடியாது. அவர்கள் சத்தம் போட்டார்கள், கெஞ்சினார்கள். அமோனியா கெஞ்சாது. சூடானால் திரவம் பெருகும். பெருக இடம் இல்லை, ஆவியாகவும் இடம் இல்லை. இரும்பு எவ்வளவு நேரம் தாங்குமோ அவ்வளவு நேரம்தான். ஏதோ ஒரு மூலையில் கொஞ்சம் காலியிடம் மிச்சம் இருந்திருக்க வேண்டும். அதனால்தான் அதுவரை வெடிக்கவில்லை.

காற்றைப் பார்த்தேன். கடல்காற்று. பிளாண்டைத் தாண்டி நேராகப் பந்தலுக்குள் வீசிக்கொண்டிருந்தது. மதிலோரத்தில் பிள்ளைகள் அப்பளத்தை நொறுக்கி விளையாடிக்கொண்டிருந்தார்கள். குழாய் பிளந்தால் முதலில் அந்தப் பிள்ளைகளின் கண். அதற்கடுத்து நெஞ்சு. அவர்களில் என் மகளின் பிள்ளைகள் இரண்டும் உண்டு.

பாயாசம்

"கேஸ்! ஓடுங்க!" என்று கத்தத்தான் வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். அத்தனை பேர் ஒரே வாசலுக்கு ஓடினால் அமோனியா வருவதற்கு முன்னால் மிதிபட்டே போய்விடுவார்கள். பந்தியில் இருந்து பாதியில் எழும்பச் சொன்னால் சும்மா எழும்பவும் மாட்டார்கள். அது அசனம், கடவுள் வீட்டுச் சோறு.

போதகரிடம் ஓடினேன். மைக்கின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"போதகரய்யா, ஆளுவள இங்கேருந்து மாத்தணும். குழாய் பொட்டி வெடிக்கலாம். ஓடுங்கன்னு மட்டும் சொல்லாதீங்க."

"எவ்வளவு நேரம் உண்டு?"

"தெரியாது ஐயா."

அவர் முகம் வெளுத்தது. ஆனாலும் மைக்கைப் பிடித்ததும் குரல் வழக்கம்போல வந்தது. அந்த மனுஷனை அன்றுதான் நான் மதிக்கத் தொடங்கினேன்.

"பிரியமானவங்களே, பாயாசம் ரோட்டுக்கு அங்க, ஸ்கூல் கிரவுண்டில வச்சாக்கும் வெளம்புறது. மதில் பக்கத்துப் பிள்ளைகள் மொதல்ல போகணும். அம்மமாரு பிள்ளையளக் கையப் பிடிச்சுக் கொண்டு போங்க. இலைய அப்பிடியே விட்டுட்டு, பைய நடந்து போங்க."

"சாம்பாரே இன்னும் வரல்ல, அதுக்குள்ள பாயாசமா?" என்று ஒரு பெரியவர் முனகினார்.

செலின் என் முகத்தைப் பார்த்தாள். சமையல்காரர்கள் நாலு பேரைக் கூட்டி, பாயாசம் இருந்த பெரிய வார்ப்புப் பாத்திரத்தைத் தூக்கவைத்து, எல்லோருக்கும் தெரிகிற மாதிரி முன்னால் நடத்திக்கொண்டு போனாள். அந்த வார்ப்பு நகர்ந்ததும் ஊரே பின்னால் நகர்ந்தது. எந்தச் சைரனுக்கும் இப்படி ஒழுங்காகக் கூட்டம் நகர்ந்து நான் பார்த்ததில்லை.

வால்வு

விஜயனிடம் வீலை எடுத்து வரச் சொல்லிவிட்டு நான் ஐஸ் ஸ்டோருக்கு ஓடினேன். முந்தின நாள் எடுத்த கட்டிகள் இருந்தன. உடைத்துச் சாக்கில் அள்ளி, சாக்கை நனைத்து, குழாயின் மேல் வெயில் படுகிற இடமெல்லாம் போட்டேன். பிளாண்ட் பக்கம் தரை பள்ளம் என்பதால் ஏணியில் ஏறி இறங்க, வியர்வையும் ஐஸ் தண்ணீரும் ஒன்றாக ஒழுகியது. ஒவ்வொரு சாக்கைப் போடும்போதும் இப்போது பிளக்கும், இப்போது பிளக்கும் என்றே நெஞ்சு அடித்தது. இந்தக் குளிர் வெடிப்பைத் தடுக்காது, கொஞ்சம் தள்ளிப்போடும். அவ்வளவுதான் எனக்கும் வேண்டியிருந்தது.

விஜயன் வந்தான். கையில் வீல். அவனுடைய வெள்ளை வேட்டியில் சாம்பார் கொட்டியிருந்தது. இதற்குள் அவனுக்கு விஷயம் புரிந்துவிட்டது என்று முகத்தைப் பார்த்தாலே தெரிந்தது.

"நான் அடச்சது. நான் தொறக்கேன். நிங்க போங்க அண்ணே."

போய்விடலாம் என்று மனதில் வந்தது உண்மை. கால் கூட இரண்டு அடி பின்னால் போயிற்று. ஆனால் அவன் வீலை ஸ்பிண்டிலில், அதாவது வால்வின் தண்டில், மாட்டப் பார்த்தான்; மூன்று தரமும் தவறிப் போயிற்று. பயந்தவர் இருவர் சேர்ந்தால் ஒரு ஆள் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். இருந்த ஒரே மாஸ்க்கை அவன் முகத்தில் கட்டினேன். நான் நனைத்த தோர்த்துத் துண்டை மூக்கைச் சுற்றிக் கட்டி, காற்று வருகிற பக்கம் முதுகைக் காட்டி நின்றேன்.

வீல் திரும்பவில்லை. உள்ளே இருந்து அழுத்தம் பிடித்திருக்கிறது. இரண்டு பேரும் சேர்ந்து பிடித்தோம். ஒரு நூல் அசைந்தது. ஸ்பிண்டிலின் கழுத்தில் இருந்து புஸ்ஸென்று வெள்ளைப் புகை வந்தது. கண்ணை மூடினேன், மூச்சை அடக்கினேன். ஓடு, ஓடு என்று உடம்பெல்லாம் சொன்னது. முதல் நாள் தமிழ்நாடு வரை ஓடிய அதே உடம்பு.

"பைய மக்கா, பைய."

இன்னும் ஒரு நூல். குழாய்க்குள் தடதடவென்று ஒரு சத்தம் எழும்பி டாங்க் பக்கம் ஓடியது. டாங்கின் கேஜ் முள் துள்ளி ஏறி, நடுங்கி, நின்றது. அடைபட்டிருந்தது வழி கண்டு டாங்குக்குள் பாய்கிறது. கழுத்தில் வந்த புகையும் மெலிந்தது. வீல் லேசாகி, கைக்கு இணங்கித் திரும்பியது.

கண்ணைத் துடைத்துவிட்டு மதிலைப் பார்த்தேன். இடம் கிடைத்ததும் உள்ளே திரவம் கொதிக்கத் தொடங்கி, குழாய் மறுபடியும் குளிர்ந்துகொண்டிருந்தது. செலினின் கை பதிந்த இடத்தில் மெல்லப் பனி பூத்தது. முதலில் விரல்கள் மறைந்தன, பிறகு உள்ளங்கை. அதைப் பார்த்தபோதுதான் பிழைத்தோம் என்று நம்பினேன். மதிலைப் பிடித்துக்கொண்டு அழுதேன், வெட்கப்படாமல்.

பந்தலில் ஒரு ஆள்கூட இல்லை. பாதி தின்ற இலைகள் வரிசையாகக் கிடந்தன. மதிலோரத்து இலைகளில் காக்கைகள் அப்பளம் கொத்தின. ரோட்டுக்கு அந்தப் பக்கம் பாயாசத்துக்கு வரிசையில் நின்றவர்கள் பாட்டுப் பாடுவது கேட்டது.

விஜயன் டாங்கின் அடியில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டான். மாஸ்க்கைக் கழற்றக்கூடத் தோன்றவில்லை.

"மொதலாளி போன் போட்டாரு அண்ணே. 'அசனத்தினு ஆளு கூடுதலாணு, ஒண்ணும் தொறந்து இடருது கேட்டோ'ன்னு சொன்னாரு. எதையும் தொறந்து போடக் கூடாதாம். எனக்கும் அதுதான் சரின்னு தோணிச்சு. பக்கத்தில பிள்ளையளெல்லாம் இருக்குமேன்னுதான் ரெண்டையும் அடச்சேன்."

அந்தச் சொல் எனக்கு இன்றைக்கும் பயமாக இருக்கிறது. அசட்டையில் வந்த ஆபத்து என்றால் திட்டித் திருத்தலாம். இது அக்கறையில் வந்தது. என்றைக்கும் திறந்தே போடுகிற வால்வை, பிள்ளைகளை நினைத்து அன்று ஒருநாள் அடைத்திருக்கிறான்.

இப்போது

அடுத்த வாரமே இரண்டு வால்வுக்கும் நடுவில் ஒரு ரிலீஃப் வால்வு வைத்தார்கள். யாராவது மறுபடியும் இரண்டு பக்கமும் அடைத்தாலும் அழுத்தம் ஏறினால் அது தானே திறந்து டாங்குக்கு விட்டுவிடும். டாங்க் பக்கத்து வால்வின் வீலை நான் பெயின்ட் அடித்து, கழற்ற முடியாதபடி ஒரு இரும்புப் பின் அடித்தேன். தெர்மோகோலும் புதிதாகப் பொதிந்தார்கள். செலினின் கை பட்ட இடத்தில் மட்டும் ஒரு சாண் அளவுக்குப் பொதிய விடாமல் நான் சண்டை பிடித்து நிறுத்தினேன். பனி இருக்கிறதா என்று பார்க்க ஒரு கண் வேண்டாமா?

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான். அடைப்பது எல்லாம் பத்திரம் அல்ல. ஒரு வால்வில் கை வைக்கிறதற்கு முன்னால், உள்ளே கிடப்பது சூடானால் எங்கே போகும் என்று கேளுங்கள். பதில் தெரியாவிட்டால் கையை எடுங்கள். பயமாக இருந்தால் நல்லது, பயப்படுங்கள்.

ஓய்வு பெற்ற பிறகும் அசனத்துக்குத் தவறாமல் போகிறேன். விஜயன்தான் இப்போது அங்கே மூத்த ஆபரேட்டர், இப்போதும் சாம்பார் வாளி அவன் கையில்தான். ஜெபம் முடிந்து எல்லோரும் சோற்றில் கை வைப்பார்கள். நான் மட்டும் வைக்க மாட்டேன். செலின் சமையல் இடத்தில் இருந்து எழுந்து மதிலடிக்குப் போவாள். குழாயின் அந்த ஒரு சாண் இடத்தில் கையை அழுத்தி வைப்பாள். திரும்பி, அத்தனை தலைகளுக்கும் மேலாக, உள்ளங்கையை விரித்து எனக்குக் காட்டுவாள்.

கை காய்ந்திருக்கும். அதற்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்கும்.